கதவருகே உட்கார வைக்கப்பட்டவன்: ஒரு புரட்சி நாவலும் அதன் வாசகர்களும்

சாம் கிரீன்லீயின் 'தி ஸ்பூக் ஹூ சாட் பை தி டோர்' 1969 மார்ச்சில் லண்டனில் வெளிவந்தது. சி.ஐ.ஏ.வில் சேரும் முதல் கறுப்பின அதிகாரி, அங்கே கற்ற வித்தையையெல்லாம் எடுத்துக்கொண்டு சிகாகோவுக்குத் திரும்பி, தெருக் கும்பல் இளைஞர்களைக் கொரில்லாப் படையாக மாற்றுகிறான். இந்த ஒரு வரிக் கதை அரை நூற்றாண்டுக்கு மேலாக வாசகர்களைப் பிரித்து வைத்திருக்கிறது. சிலருக்கு இது கையேடு, சிலருக்கு அங்கதம். விறுவிறுப்பான துப்பறியும் கதை என்று படித்து முடித்தவர்கள் உண்டு. பெண்களைப் படைத்த விதத்துக்காகவே புத்தகத்தை மூடி வைத்தவர்களும் உண்டு. இந்தக் கருத்துகள் எங்கிருந்து வருகின்றன, அவற்றில் எது எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்க்க, நாவலையும் அது பிறந்த காலத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எழுதியவர்

கிரீன்லீ 1930-இல் சிகாகோவில் பிறந்தவர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படித்தார், ராணுவத்தில் அதிகாரியாக இருந்தார், பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் பயின்றார். 1957-இல் அமெரிக்கத் தகவல் துறையில் சேர்ந்தார். அமெரிக்காவின் நல்ல முகத்தை வெளிநாடுகளில் காட்டுவதுதான் அந்தத் துறையின் வேலை. அதன் வெளிநாட்டுப் பணிக்குப் போன முதல் சில கறுப்பர்களில் அவர் ஒருவர். ஈராக், கிழக்குப் பாகிஸ்தான், இந்தோனேசியா, கிரீஸ் ஆகிய இடங்களில் வேலை பார்த்தார். 1958 ஜூலையில் பாக்தாதில் மன்னராட்சி கவிழ்ந்தபோது அவர் அங்கேதான் இருந்தார். ஓர் ஆட்சி ஒரே காலையில் சரிவதை நேரில் கண்டவர், பின்னாளில் 'பாக்தாத் ப்ளூஸ்' என்ற நாவலில் அதை எழுதினார்.

வேலையை விட்டபின் கிரீஸின் மிகோனோஸ் தீவில் தங்கி இந்த முதல் நாவலை எழுதினார். அமெரிக்கப் பதிப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. கடைசியில் கைகொடுத்தது, கிளைவ் அலிசனும் மார்கரெட் பஸ்பியும் லண்டனில் புதிதாகத் தொடங்கியிருந்த சிறு பதிப்பகம். கானாவில் பிறந்த பஸ்பி, பிரிட்டனின் முதல் கறுப்பினப் பெண் பதிப்பாளர். லண்டனில் வந்த பிறகுதான் அமெரிக்கப் பதிப்பு வந்தது. அதன்பின் மலிவுப் பதிப்பு கைக்குக் கை மாறியது.

வெள்ளை நிறுவனம் ஒன்றில் ஒற்றைக் கறுப்பராக உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்பது ஆசிரியருக்கு அனுபவப் பாடம். முதல் பாதியின் ஒவ்வொரு பக்கத்திலும் அது தெரிகிறது.

கதை

செனட்டர் ஹென்னிங்டன் வெள்ளையர், தாராளவாதி. மறுதேர்தல் நெருங்குகிறது, கறுப்பர் வாக்கு குறைகிறது. என்ன செய்யலாம் என்று யோசிக்கும்போது, சி.ஐ.ஏ.வில் கறுப்பின அதிகாரிகளே இல்லை என்ற குற்றச்சாட்டு கைக்குச் சிக்குகிறது. அவர் குரல் எழுப்புகிறார், வாக்கு வந்து சேர்கிறது. சி.ஐ.ஏ. வேறு வழியின்றிக் கறுப்பின இளைஞர்களைப் பயிற்சிக்கு எடுக்கிறது. ஒருவரும் தேறிவிடக் கூடாது என்பது உள்ளுக்குள் இருக்கும் திட்டம்.

வந்தவர்களில் பெரும்பாலோர் நல்ல குடும்பம், நல்ல கல்லூரி. யாரும் ரொம்ப முந்திவிட வேண்டாம், எல்லோரும் சுமாராகச் செய்தால் எல்லோரும் தேறிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. டான் ஃப்ரீமன் மட்டும் அந்தக் கணக்கில் சேரவில்லை. கொரியப் போரில் இருந்தவன், சிகாகோ தெருவில் வளர்ந்தவன். பேச்சு குறைவு, உடை சாதாரணம், யார் கண்ணிலும் படுவதில்லை. ஒவ்வொருவராக வெளியேற்றப்பட, அவன் மட்டும் எஞ்சுகிறான். அவனை விரட்டியே தீர்வது என்று கால்ஹூன் என்ற சண்டைப் பயிற்சியாளர் கோதாவில் இறங்குகிறார். ஃப்ரீமன் அவரை அங்கேயே வீழ்த்துகிறான். அதன்பின் அவனைத் தேர்ச்சி பெறவில்லை என்று சொல்ல யாராலும் முடியவில்லை.

இத்தனைக்கும் பிறகு கிடைக்கும் வேலை, அடித்தளத்தில் ரகசிய ஆவணங்களை நகலெடுக்கும் பிரிவின் தலைமை. ஒரு நாள் செனட்டர் அலுவலகத்தைப் பார்க்க வருகிறார். காட்டுவதற்கு ஒரு கறுப்பர் வேண்டும், அதனால் ஃப்ரீமன் மேலே அழைக்கப்படுகிறான். அன்று அவன் நடந்துகொண்ட விதம் இயக்குநருக்குப் பிடித்துப்போகிறது. தமது அறைக்கு வெளியே, வருகிறவர் போகிறவர் கண்ணில் முதலில் படும்படி அவனை உட்கார வைக்கிறார். நாவலின் தலைப்பு பிறப்பது இங்கேதான். அதில் வரும் 'ஸ்பூக்' என்ற சொல் ஒற்றனையும் குறிக்கும், கறுப்பரைக் கேவலப்படுத்தும் வசையாகவும் புழங்கும்.

சி.ஐ.ஏ.வில் ஐந்து ஆண்டுகள் புன்னகையோடு இருந்துவிட்டு ஃப்ரீமன் ராஜினாமா செய்கிறான். சிகாகோவில் சமூகப் பணியாளர் வேலை கிடைக்கிறது. 'கோப்ராஸ்' என்ற தெருக் கும்பலை நல்வழிப்படுத்துவதுதான் வேலை. ஒரு காலத்தில் அவனே அந்தக் கும்பலில் இருந்தவன். பகலில் அறக்கட்டளைக்காரர்களுடன் விருந்து, இரவில் கும்பல் இளைஞர்களுக்கு வெடிமருந்து, ஒற்றறிதல், நகர்ப்புறப் போர் எல்லாவற்றிலும் பாடம். வங்கி கொள்ளையடிக்கப்படுகிறது, தேசியக் காவல்படையின் ஆயுதக்கிடங்கு காலியாகிறது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பேட்டை கொந்தளிக்கும்போது, நகரம் இதுவரை காணாத ஒரு போர் தொடங்குகிறது. பள்ளித் தோழனும் போலீஸ்காரனுமான டாசனுக்குக் கடைசியில் உண்மை தெரியவருகிறது. இருவரும் மோத, டாசன் சாகிறான். ஃப்ரீமன் காயத்தோடு கிடக்கிறான். போர் பரவுகிறது. அவன் பிழைத்தானா, போரில் வென்றார்களா என்பதை நாவல் சொல்லவில்லை.

எந்தக் காலத்தில் வந்தது

1967 கோடையில் டெட்ராய்ட் கலவரத்தில் 43 பேர் இறந்தனர், நியூவார்க்கில் 26 பேர். காரணத்தை ஆராய அதிபர் ஜான்சன் அமைத்த கெர்னர் ஆணையம், நாடு கறுப்பு வெள்ளை என இரண்டு சமூகங்களாகப் பிரிந்துகொண்டிருக்கிறது என்று 1968-இல் எச்சரித்தது. அதே ஆண்டு ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். சிகாகோவின் மேற்குப் பகுதி எரிந்தது. தீ வைப்பவர்களைச் சுட்டுக் கொல்லச் சொன்னதாக மேயர் ரிச்சர்ட் டேலி பகிரங்கமாகவே அறிவித்தார். வியட்நாமில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கத் துருப்புகள். ஓக்லந்தில் 1966-இல் தொடங்கிய பிளாக் பாந்தர் கட்சிக்கு நகரம் நகரமாகக் கிளைகள். காலனிய ஒடுக்குமுறையையும் வன்முறையையும் பற்றி ஃப்ரான்ஸ் ஃபனான் எழுதியவை இளைஞர் கையில்.

இந்தப் பின்னணியில் நாவலின் போர்த்திட்டம் வாசகருக்கு அந்நியமாகத் தெரியவில்லை. அமெரிக்காவைத் தோற்கடிப்பது ஃப்ரீமனின் இலக்கல்ல. உலகத்துக்கே காவல்காரனாக இருக்கவும், உள்நாட்டில் கறுப்பரை மிதித்து வைக்கவும் ஒரே நேரத்தில் முடியாது என்ற நிலைக்கு அரசைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் இலக்கு. வியட்நாம் செய்திகளைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்த வாசகருக்கு இந்தத் தர்க்கம் உடனே புரிந்தது.

இது திடீரென முளைத்த வகையும் அல்ல. மார்ட்டின் டெலனி 1859-இலேயே அடிமைகளின் பெரும் எழுச்சியைத் திட்டமிடும் நாயகனை 'பிளேக்' என்ற தொடர்கதையில் படைத்தார். சட்டன் கிரிக்ஸின் 'இம்பீரியம் இன் இம்பீரியோ' 1899-இல் அமெரிக்காவுக்குள்ளே ஒரு ரகசியக் கறுப்பு அரசைக் கற்பனை செய்தது. 1930-களில் ஜார்ஜ் ஸ்கைலர் பத்திரிகைத் தொடராக ஒரு கறுப்புப் பேரரசை எழுதினார். கிரீன்லீக்குச் சற்று முன், 1967-இல் ஜான் ஏ. வில்லியம்ஸின் நாவல், கறுப்பரை ஒட்டுமொத்தமாக அடைத்து வைக்கும் அரசுத் திட்டம் ஒன்றைக் கற்பனை செய்தது. அந்தத் திட்டம் உண்மையிலேயே இருப்பதாகப் பலர் நம்பினார்கள். கிரீன்லீ இந்த மரபுக்கு ஒற்றர் கதையின் வேகத்தைக் கொடுத்தார். ஜேம்ஸ் பாண்ட் படங்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ஒற்றனின் திறமையை அவனுடைய அரசுக்கு எதிராகவே திருப்பினார்.

முதல் வாசிப்பு: ஒப்புக்குச் சப்பாணி

நாவலைக் கொண்டாடும் வாசகர்களில் பெரும் பகுதியினர் துப்பாக்கி வெடிக்கும் இரண்டாம் பாதியைவிட, அலுவலகத்தில் நடக்கும் முதல் பாதியையே உயர்த்திப் பேசுகிறார்கள். நிறுவனம் ஒரே ஒரு கறுப்பரைச் சேர்த்துக்கொள்ளும். அவரை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வைக்கும், முடிவெடுக்கும் இடத்தில் வைக்காது. கேள்வி கேட்பவர்களுக்கு அவரையே பதிலாகக் காட்டும். ஆட்டத்தில் சேர்த்த மாதிரியும் இருக்கும், சேர்க்காத மாதிரியும் இருக்கும். இந்த ஒப்புக்குச் சப்பாணி நிலையை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய அமெரிக்க நாவல்கள் குறைவு.

நகலெடுக்கும் அறையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். நிறுவனத்தின் பார்வையில் அது அவமானப்படுத்தும் வேலை. இயந்திரத்தின் முன் நின்று தாளை எண்ணுவதற்கு எந்தத் திறமையும் வேண்டாம். ஆனால் ரகசியக் காகிதங்களெல்லாம் அந்த அறை வழியாகத்தான் போகின்றன. இயக்குநரின் வாசலில் போட்ட நாற்காலியும் அப்படித்தான். காட்சிப் பொருளாக உட்கார வைத்தவர்கள், அவனுக்குக் காதும் கண்ணும் இருப்பதை மறந்துபோகிறார்கள். யாரைத் தாழ்வாக நினைக்கிறார்களோ அவன் முன்னால் எதையும் மறைக்க வேண்டியதில்லை என்ற நினைப்பே நிறுவனத்தின் பெரிய ஓட்டை என்று நாவல் சொல்கிறது.

இதே எண்ணம் சிகாகோவில் போர் உத்தியாகிறது. துடைப்பமோ தட்டோ கையில் வைத்திருக்கும் கறுப்பன் எந்தக் கட்டடத்துக்குள்ளும் போகலாம், சிரித்த முகமாக இருந்தால் ஒருவருக்கும் தெரியமாட்டான் என்பது ஃப்ரீமன் கோப்ராஸுக்குக் கற்றுத்தரும் பாடம். வங்கிக் கொள்ளைக்கு வெளிர் நிறம் கொண்டவர்களை அனுப்புகிறான். போலீஸ் வெள்ளையரைத் தேடி அலைகிறது. இவ்வளவு ஒழுங்கான வேலையைக் கறுப்பர் செய்திருக்க முடியாது என்று அதிகாரிகள் நம்புவதே அவர்களுக்குக் கவசம்.

இந்த வாசிப்பின் வலு, அது காலத்தோடு தேயவில்லை என்பதில் இருக்கிறது. பன்முகத்தன்மை என்ற பெயரில் விளம்பரப் படத்துக்கு ஒருவரை முன்வரிசையில் நிறுத்தும் அலுவலகங்கள் இருக்கும்வரை, ஃப்ரீமனின் நாற்காலியை அடையாளம் கண்டுகொள்ளும் வாசகரும் இருப்பார். எந்தக் கும்பலிலும் இல்லாத, துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத வாசகர்கள் இந்த நாவலைத் தங்கள் கதையாக உணர்வது இதனால்தான்.

இரண்டாம் வாசிப்பு: கையேடு

இன்னொரு சாரார் இதைக் கதை வடிவில் வந்த கொரில்லாப் போர்க் கையேடாகப் படித்தார்கள். கிரீன்லீயே பேட்டிகளில் அப்படிச் சொல்லியிருக்கிறார். சிறு சிறு குழுக்கள், ஒரு குழுவுக்கு இன்னொரு குழுவைத் தெரியாமை, தலைவன் விழுந்தால் அடுத்தவன் தயார், ஆயுதம் எதிரியின் கிடங்கிலிருந்தே, பணம் எதிரியின் வங்கியிலிருந்தே என்ற முறைகள் நாவலில் வரிசையாக வருகின்றன. காவல்துறையினரும் இதைக் கவனமாகப் படித்தார்கள் என்பது நீண்டகாலப் பேச்சு. எஃப்.பி.ஐ. பயிற்சிக் கழகத்தில் இது கட்டாயப் பாடமாக இருந்ததாக, 1960-களின் தொடக்கத்தில் அங்கே சேர்ந்த கறுப்பின அதிகாரி ஆப்ரி லூயிஸ் சொன்னதாகக் கூறப்படுகிறது.

இந்த வாசிப்புக்கு எதிர்ப்பும் அதே அளவு வலுவானது. நாவலில் திட்டமிட்டதெல்லாம் கச்சிதமாக நடக்கிறது. கோப்ராஸில் காட்டிக்கொடுப்பவன் இல்லை, பயந்து ஓடுபவன் இல்லை. போரின் நடுவே சிக்கிக்கொள்ளும் சாதாரணக் குடும்பங்கள் கதைக்குள் அதிகம் வருவதில்லை. ராணுவம் முழு பலத்தோடு இறங்கினால் அந்தப் பேட்டைகளில் வாழும் லட்சக்கணக்கான மக்களின் கதி என்ன என்ற கேள்வியை நாவல் தொடாமலே போகிறது. கையேடு என்று எடுத்துக்கொண்டால், அதில் மிக முக்கியமான அத்தியாயம் எழுதப்படவே இல்லை.

உண்மை வரலாறு இந்த எதிர்ப்பின் பக்கம்தான் சாய்கிறது. நாவல் வந்த அதே 1969-இல், டிசம்பர் 4 விடியற்காலையில், சிகாகோ போலீஸார் பிளாக் பாந்தர் தலைவர் ஃப்ரெட் ஹாம்ப்டனை அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 21. மார்க் கிளார்க் என்ற இன்னொரு பாந்தரும் அன்று கொல்லப்பட்டார். வீட்டின் வரைபடத்தைக் கொடுத்தவர் கட்சிக்குள்ளேயே இருந்த வில்லியம் ஓ'நீல். எஃப்.பி.ஐ. அவரை உளவாளியாக உள்ளே அனுப்பியிருந்தது. நாவலில் கறுப்பன் அரசுக்குள் ஊடுருவுகிறான். நிஜத்தில் அரசு கறுப்பர் இயக்கத்துக்குள் ஊடுருவியது.

கும்பல் புரட்சிப்படை ஆகுமா?

நாவலை ஏற்காதவர்கள் அடிக்கடி எழுப்பும் ஆட்சேபம் இது. தெருமுனையில் சண்டை போட்டுத் திரியும் பையன்கள் சில மாதப் பயிற்சியில் கட்டுப்பாடான படையாவது வெறும் கனவு என்கிறார்கள். அனுபவத்தை வைத்துச் சொல்லப்படும் ஆட்சேபம்தான். சிகாகோவின் கும்பல்கள் அவற்றுக்கு அருகிலேயே வாழ்ந்த கறுப்புக் குடும்பங்களுக்கு எவ்வளவு துயரம் தந்தன என்பதை அங்கே வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. கிரீன்லீ வளர்ந்த வுட்லான் பகுதியிலேயே, பிளாக்ஸ்டோன் ரேஞ்சர்ஸ் உள்ளிட்ட கும்பல் இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி தர ஒரு பேட்டை அமைப்புக்கு மத்திய அரசு 1967-இல் ஒன்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது. அடுத்த ஆண்டே செனட் குழு அதைக் குடைந்து எடுத்தது. அரசுப் பணம், சமூகப் பணி, தெருக் கும்பல் மூன்றும் ஓரிடத்தில் சேர்வதை ஆசிரியர் கற்பனையில் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. அவர் ஊரில் நடந்துகொண்டிருந்ததுதான்.

அதைவிட முக்கியமான சான்று எஃப்.பி.ஐ.யின் சொந்தக் கோப்புகளில் இருக்கிறது. 1969 தொடக்கத்தில் ஹாம்ப்டன் ரேஞ்சர்ஸ் தலைவர் ஜெஃப் ஃபோர்ட்டோடு சேர்ந்து செயல்பட முயன்றார். பாந்தர்கள் உன்னைக் கொல்ல ஆள் வைத்திருக்கிறார்கள் என்று பொய்யாக எழுதிய பெயரில்லாக் கடிதத்தை எஃப்.பி.ஐ. ஃபோர்ட்டுக்கு அனுப்பியது. இப்படி இயக்கங்களைக் குலைக்க எஃப்.பி.ஐ. நடத்திய ரகசியத் திட்டத்தின் ஆவணங்கள் 1971-இல் பென்சில்வேனியாவின் மீடியா என்ற ஊரில் எஃப்.பி.ஐ. அலுவலகத்திலிருந்து திருடப்பட்டு வெளிவரத் தொடங்கின. 1975-76-இல் செனட்டின் சர்ச் குழு மேலும் பலவற்றை வெளியே கொண்டுவந்தது. கும்பல் இளைஞர்களுக்கு அரசியல் பிடிபட்டால் என்ன ஆகும் என்று கிரீன்லீ எதைக் கற்பனை செய்தாரோ, அதையே நாட்டின் புலனாய்வு அமைப்பும் நடக்கக்கூடியதாக நினைத்தது. நினைத்தது மட்டுமல்ல, கடிதம் எழுதித் தடுக்கவும் செய்தது. எனவே நாவலின் பலவீனம் கும்பல் மாறும் என்று நம்பியதில் இல்லை. அந்த மாற்றத்தை அரசு கொஞ்ச நாள்கூடச் சும்மா பார்த்துக்கொண்டிருக்காது என்பதைக் கணக்கில் எடுக்காததில்தான் இருக்கிறது.

ஹாம்ப்டன் தேர்ந்தெடுத்த வழியும் ஃப்ரீமனின் வழி அல்ல. குழந்தைகளுக்குக் காலை உணவு, இலவச மருத்துவமனை, புவேர்ட்டோ ரிக்கர்களின் யங் லார்ட்ஸ், ஏழை வெள்ளையரின் யங் பேட்ரியட்ஸ் ஆகியோரோடு வானவில் கூட்டணி. தலைமறைவுப் படைக்குப் பதில் பகிரங்கமான கூட்டணி. நாவலில் இந்த வழிக்கு இடமே இல்லை. அதில் வரும் வெள்ளையர் எல்லோரும் அதிகாரிகள், அல்லது இரக்கம் காட்டுவதில் இன்பம் காணும் மேல்தட்டினர். ஏழை வெள்ளையர் கூட்டாளியாக வரக்கூடும் என்ற எண்ணம் அதன் பக்கங்களில் தலைகாட்டுவதில்லை.

டாசனின் சாவு

அறம் பற்றிய விவாதத்தின் மையம் டாசன். அவன் வில்லன் அல்ல. போலீஸில் இருந்துகொண்டே தன் மக்களுக்கு ஏதாவது செய்ய முடியும் என்று நம்புகிற நேர்மையான ஆள், ஃப்ரீமனுக்கு உயிர்த் தோழன். புரட்சியின் பெயரால் அவனைக் கொல்ல நேர்வதை ஒரு பகுதி வாசகர்கள் தவிர்க்க முடியாத விலையாகப் பார்க்கிறார்கள். அமைப்புக்குள் இருந்து திருத்தலாம் என்ற நம்பிக்கைக்கு நாவல் தரும் தீர்ப்பு அது என்பது அவர்கள் வாதம். இன்னொரு பகுதியினருக்கு நாவல் தோற்கும் இடமே இதுதான். விடுதலைக்கான போரில் நெருக்கமாகக் காட்டப்படும் முக்கியமான சாவு இன்னொரு கறுப்பனின் சாவாக இருப்பதை அவர்களால் ஏற்க முடியவில்லை.

இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நாவல் அந்தக் கொலையைக் கொண்டாடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வெள்ளையர் மீதான வெறுப்பு போதாது, விடுதலை மீது அன்பு வேண்டும் என்று கோப்ராஸுக்குச் சொல்லிக்கொடுத்தவன் ஃப்ரீமன். அவனே நண்பனைக் கொன்றுவிட்டு நிற்கும்போது, அந்தப் பாடத்தின் விலை அவன் தலையிலேயே விழுகிறது. முகமூடியை நெடுங்காலம் போட்டவன் யாரையும் நம்ப முடியாதவனாகிறான், யாருக்கும் நெருங்க முடியாதவனாகிறான். ஃப்ரீமனை முழு வீரனாகப் பார்க்காமல், தன் வேடத்தாலேயே உள்ளுக்குள் காலியாகிப்போன மனிதனாகப் பார்க்கும் வாசகர்கள் நாவலை ஆழமாகவே படித்திருக்கிறார்கள்.

பெண்கள்

இந்தக் குறையைப் பற்றி மட்டும் வாசகர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. புரட்சிப்படையில் பெண்களே இல்லை. கதையில் முக்கியமாக வருகிறவர்கள் இரண்டு பேர். ஜாய், ஃப்ரீமனின் பழைய காதலி. வசதியான வாழ்க்கையைத் தேடிப் போனவள், கடைசியில் டாசனின் காதில் சந்தேகத்தைப் போடுகிறவளும் அவள்தான். மற்றவள் வாஷிங்டனில் சந்திக்கும் பாலியல் தொழிலாளி. ஃப்ரீமன் அவளிடம் ஓர் ஆப்பிரிக்க அரசியின் படத்தைக் காட்டி, டஹோமி ராணி என்று பெயர் வைக்கிறான். அவள் தன் அழகைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறாள், அவனுக்கு விசுவாசமாகவும் இருக்கிறாள்.

ஒருத்தி காட்டிக்கொடுப்பவள், இன்னொருத்தி ஆண் தந்த பெயரால் உயர்பவள். இருவருக்கும் தனி அரசியல் இல்லை. நிஜத்தில் அந்தக் காலக் கறுப்பர் இயக்கங்களின் அன்றாட வேலையைத் தாங்கியவர்களில் பெண்கள் ஏராளம். பிளாக் பாந்தர் கட்சியில் கேத்லீன் கிளீவர் முக்கியப் பொறுப்பில் இருந்தார். 1974-இல் எலெய்ன் பிரவுன் கட்சித் தலைவரே ஆனார். அந்தக் காலம் அப்படி என்று சொல்லி இந்தக் குறையை மூடிவிட முடியாது, ஏனெனில் அந்தக் காலமே அப்படி இல்லை.

எழுத்தின் தரம்

நடை பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. பாத்திரங்கள் தட்டை, உரையாடல் பல இடங்களில் பிரசங்கம் என்பது ஒன்று. வேகம், நையாண்டி, கூர்மையான கவனிப்பு ஆகியவை அந்தக் குறைகளை ஈடு செய்கின்றன என்பது மற்றொன்று. செனட்டரும் அவர் மனைவியும் ஆலோசகரும் கறுப்பர் வாக்கை எப்படிப் பிடிப்பது என்று பேசும் தொடக்கக் காட்சியைப் படித்தவர்கள் இரண்டாவது கருத்துக்கே வருவார்கள். தேசியக் காவல்படையின் கர்னலைப் பிடித்து, முகத்தில் கறுப்பு பூசி, போதை ஏற்றி அனுப்பிவிடும் இடமும் அப்படியே. வெள்ளையர் முகத்தில் கரி பூசிக் கறுப்பரைக் கேலி செய்த பழைய மேடை மரபை அது ஒரே காட்சியில் திருப்பிக்கொடுக்கிறது. பிரசங்கமாகத் தோன்றும் பகுதிகள் நாவலுக்குப் பாரம்தான். ஆனால் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அதிகாரத்தைப் பற்றி எழுதும்போது கிரீன்லீயின் பேனா எங்கும் தவறவில்லை.

திரைக்கு வந்தபோது

1973-இல் ஐவன் டிக்சன் இதைப் படமாக்கினார். லாரன்ஸ் குக் ஃப்ரீமனாகவும் பௌலா கெல்லி டஹோமி ராணியாகவும் நடித்தார்கள். இசை ஹெர்பி ஹான்காக். திரைக்கதையில் கிரீன்லீக்கும் பங்கு உண்டு. பணத்தின் பெரும் பகுதி கறுப்பினத்தவரிடமிருந்தே திரட்டப்பட்டது. மேயர் டேலியின் சிகாகோவில் படப்பிடிப்புக்கு அனுமதி கிடைக்கவில்லை. பக்கத்து மாநிலமான இண்டியானாவில் உள்ள கேரி நகரம் கதவைத் திறந்தது. அங்கே அப்போது மேயராக இருந்த ரிச்சர்ட் ஹாட்சர், பெருநகர மேயர்களாகத் தேர்வான முதல் கறுப்பர்களில் ஒருவர். சிகாகோவின் மேம்பால ரயில் காட்சிகள் சிலவற்றை அனுமதி இல்லாமலே எடுத்துவிட்டார்கள்.

வெளியீட்டாளர்களான யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ், அப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்த கறுப்பின அதிரடிப் படங்களில் இதுவும் ஒன்று என்று எதிர்பார்த்தார்கள். கையில் வந்தது வேறு சரக்கு. படம் சில வாரங்களில் திரையரங்குகளிலிருந்து எடுக்கப்பட்டது. எஃப்.பி.ஐ. தந்த அழுத்தமே காரணம் என்று கிரீன்லீயும் டிக்சனும் சொல்லிவந்தார்கள். நியூயார்க் டைம்ஸில் வின்சென்ட் கேன்பி, படத்தில் தெரியும் கோபம் உண்மையானது, அதைக் காட்டும் பாத்திரங்கள்தான் வார்ப்பு உருவங்கள் என்று எழுதினார். நாவலைப் பற்றிய விவாதத்தின் சுருக்கமாகவே அதை எடுத்துக்கொள்ளலாம்.

ஆண்டுக்கணக்கில் திருட்டுப் பிரதிகளாக மட்டும் சுற்றிய படம் 2004-இல் டி.வி.டி.யாக வந்தது. 2012-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. எந்த அரசு படத்தை முடக்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டதோ, அதே அரசின் நூலகம் அதைப் பாதுகாக்க வேண்டிய செல்வமாக அறிவித்தது. கிரீன்லீ அதைப் பார்த்துவிட்டு 2014-இல் சிகாகோவில் காலமானார்.

எதை ஏற்பது

இத்தனை கருத்துகளையும் எடைபோட்டால் ஒரு தெளிவு கிடைக்கிறது. போர்த்திட்டமாக இந்த நாவல் நிற்காது. மக்களின் பாதிப் பேரான பெண்களை வெளியே நிறுத்தியது, கூட்டாளிகளே கிடைக்க மாட்டார்கள் என்று முடிவு கட்டியது, அரசின் ஊடுருவலைக் குறைத்து மதிப்பிட்டது, குண்டு விழும் தெருவில் வாழ்பவர்களை மறந்தது என நான்கு இடத்தில் அது உடைகிறது. அதை வழிகாட்டியாக ஏந்துகிறவர்கள் இந்த நான்கையும் நேராகப் பார்க்க வேண்டும்.

ஆனால் அதிகாரம் தனக்குக் கீழே இருப்பவர்களை எப்படிப் பார்க்கிறது, எதைப் பார்க்கத் தவறுகிறது என்ற விளக்கமாக இந்த நாவல் அசைக்க முடியாதது. ஒருவரை மட்டும் உள்ளே விட்டுவிட்டு நீதி செய்துவிட்டதாக நினைக்கும் நிறுவனம், அந்த ஒருவரின் அறிவையும் நினைவையும் கோபத்தையும் கணக்கில் எடுப்பதில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கிரீன்லீ சொன்ன இந்தக் குற்றச்சாட்டுக்கு இன்னும் தகுந்த பதில் வரவில்லை. நகலெடுக்கும் இயந்திரத்தின் முன்னும் இயக்குநரின் வாசலிலும் நடக்கும் அத்தியாயங்களுக்காகவே இதைப் படிக்க வேண்டும். மற்றப் பகுதிகளோடு சண்டை போட்டுக்கொண்டே படிக்க வேண்டும். அப்படிச் சண்டை போட்ட வாசகர்களால்தான், பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய கையெழுத்துப் பிரதி இன்றும் பாடநூலாகவும் விவாதமாகவும் உயிரோடிருக்கிறது.